ஒன்றின் இடம்: தசம எண்களைக் கூட்டும் முறை வந்த வழி

ஃபராயிள் எனப்படும் பாகப்பிரிவினைக் கலையைக் கற்பிப்பவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியேயும் ஒரு பணி உண்டு. ஊரில் ஒருவர் காலமானால், சில மாதங்கள் கழித்து அவருடைய வாரிசுகள் பட்டாக்களையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வருவார்கள்; "ஹஜ்ரத், யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் செய்யாற்றை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து அவ்வாறு ஒரு குடும்பத்தார் வந்தார்கள். இறந்தவருக்கு மனைவி ஒருவர், மகன் ஒருவர், மகள்கள் இருவர். நிலம் மூன்று துண்டுகள்.

பங்குக் கணக்கில் சிக்கல் ஏதும் இல்லை. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழை மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற முறையில் பிரிக்க வேண்டும். மூலத்தை 32 எனக் கொண்டால் தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. இதனை நாம் மும்முறை சரிபார்த்தோம். சரிபார்க்காமல் விட்டது நிலத்தின் மொத்த அளவை.

பட்டாவில் அளவுகள் 1.02.00, 0.40.50, 0.08.50 என்று இருந்தன. நம் பக்கத்து நில ஆவணங்களில் இவ்வாறு இரண்டு புள்ளி வைத்து எழுதும் வழக்கம் உண்டு. முதற்புள்ளிக்கு முன் நிற்பது ஹெக்டேர். நடுவில் நிற்பது ஏர். கடைசியில் நிற்பது ஏரின் நூறில் ஒரு பாகமாகிய சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர், ஒரு ஏருக்கு 100 சதுர மீட்டர். ஆகவே இவற்றை ஒரே புள்ளியுடைய எண்களாக மாற்றினால் 1.02, 0.405, 0.085 ஹெக்டேர் என்றாகும். நாம் மூன்றாவதை எழுதுகையில் ஒரு புள்ளியை நீக்கினோம். அதனோடு எட்டின் முன் நின்ற சுழியமும் விடுபட்டுப் போயிற்று. 0.085 என்பது 0.85 ஆயிற்று. 1.51 ஹெக்டேர் என வரவேண்டிய மொத்தம் 2.275 என வந்தது.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது, உடன் வந்திருந்த முதியவர் ஒருவர் தயங்கியபடி சொன்னார்: "கிணற்றடித் துண்டு இருபத்தோரு சென்ட்தானே, ஹஜ்ரத். இதில் இரண்டு ஏக்கருக்கு மேல் வந்திருக்கிறதே?" அவர் சொன்னதே சரி. தவறு நம்முடையது.

அந்த முதியவர் பேசாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். நாம் எழுதிய தாளின்படி மகன் தன் 14 பங்கை முதலில் அளந்து எடுத்திருந்தால் அவருக்குச் சுமார் 0.995 ஹெக்டேர் போயிருக்கும். உண்மையில் இருக்கும் நிலத்தில் எஞ்சுவது 0.515 ஹெக்டேர் மட்டுமே. தாய்க்கும் இரு மகள்களுக்கும் சேர வேண்டியதோ 0.849 ஹெக்டேர். அம்மூவருக்கும் சேர்த்துச் சுமார் 83 சென்ட் நிலம் குறைந்திருக்கும். ஒருவரும் மோசடி செய்யவில்லை. பங்கு விகிதத்திலும் பிழையில்லை. ஓர் எட்டு, தனக்குரிய இடத்திலிருந்து ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது, அவ்வளவே.

அன்று முதல், எண்ணைத் தன் இடத்தில் நிறுத்தும் இந்தச் சிறு ஒழுங்கு எங்கிருந்து வந்தது, யார் யார் கைப்பட்டு வந்தது என்பதைத் தேடிப் படிக்கலானோம். அதில் கண்டவற்றை இங்கு வாசகர் முன் வைக்கிறோம்.

வலப்பக்கம் ஒட்டி எழுதும் பழக்கம்

முதலில் தவறு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் மாணவர் ஒருவரின் தந்தை ஆரணிப் பட்டு நெய்பவர். தமக்குத் தரப்பட்ட பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றின் எடையை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது வழக்கம். கொடுத்த எடைக்கு நெய்த சேலையின் எடை ஒத்து வரவேண்டும். குறைந்தால் அவர்தாம் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அக்கணக்கைக் கூட்டும்படி மகனிடம் கொடுத்தார். எடைகள் 1.2, 0.85, 0.375 கிலோ. மாணவர் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, வலப்பக்கக் கடைசி இலக்கங்கள் நேர்க்கோட்டில் நிற்குமாறு எழுதினார். அதாவது 2, 5, 5 மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. 12, 85, 375 மூன்றையும் கூட்டினாற்போல் 472 வந்தது. கடைசி எண்ணைப் பார்த்துப் புள்ளி வைத்து 0.472 என்றார். முதற் பொட்டலம் ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டியிருக்க, மூன்றும் சேர்ந்து அரைக் கிலோவுக்கும் குறைவு என்றது அவர் கணக்கு. சரியான விடை 2.425.

இம்மாணவர் சோம்பலால் தவறினார் என்று சொல்வதற்கில்லை. முழு எண்களைக் கூட்டும்போது வலப்பக்கம் ஒட்டி எழுதுவதே முறை. அதைத்தான் முதல் வகுப்பிலிருந்து கற்றிருந்தார். முழு எண்ணில் கடைசி இலக்கம் எப்போதும் ஒன்றின் இடத்தில் நிற்கும். ஆகவே கடைசி இலக்கங்களை ஒழுங்குபடுத்தினால் ஒன்றுகள் தாமே ஒழுங்குபட்டுவிடும். தசம எண்ணில் அப்படியில்லை. 1.2 என்பதன் கடைசி இலக்கம் பத்தில் இரண்டு, 0.85 என்பதன் கடைசி இலக்கம் நூறில் ஐந்து, 0.375 என்பதன் கடைசி இலக்கம் ஆயிரத்தில் ஐந்து. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்திக் கூட்டுவது, வராகனையும் பணத்தையும் காசையும் ஒரே குவியலில் எண்ணுவதற்கு ஒப்பாகும். முழு எண்ணுக்குச் சொன்ன விதியின் உண்மையான பொருள் 'கடைசி இலக்கத்தை ஒழுங்குபடுத்து' என்பதன்று. 'ஒன்றின் இடத்தை ஒழுங்குபடுத்து' என்பதே. இரண்டும் முழு எண்ணில் ஒன்றாகத் தோன்றுவதால் மாணவர் ஏமாந்துபோகிறார்.

தன் பெயரைத் தானே சொல்லும் எண்

இத்தவறு எல்லா எண்முறைகளிலும் நேர்வதன்று. நம் முன்னோர் கையாண்ட பழந்தமிழ் எண்முறையில் இதற்கு இடமே இல்லை. இருநூற்று முப்பத்தைந்தை அவர்கள் ௨௱௩௰௫ என்று எழுதினார்கள். நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ௲ என ஒரு குறி. ஓலையின் எந்த மூலையில் எழுதினாலும் இருநூறு இருநூறுதான். அது நிற்கும் இடம் அதன் மதிப்பைச் சொல்வதில்லை. அருகில் நிற்கும் குறியே சொல்கிறது.

பின்னங்களுக்கும் அவ்வாறே தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முக்கால், அரை, கால், அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் கீழ்முந்திரி என்றார்கள். அது 1,02,400-இல் ஒரு பாகம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை மனப்பாடம் செய்து இவற்றைக் கூட்டப் பழகினார்கள். நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால் என்பதை அறிந்தவருக்குப் புள்ளியும் வேண்டியதில்லை, நேர்க்கோடும் வேண்டியதில்லை. ஆனால் மனப்பாடம் பெரிது. ஒவ்வொரு படியிலும் மாற்று விகிதம் வேறு.

இடத்தால் மதிப்பைச் சொல்லும் முறை இதற்கு மாறானது. ஒன்பது குறிகளும் ஒரு சுழியமும் போதும். எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம். அந்த எளிமைக்கு நாம் தரும் விலை ஒன்று உண்டு. இலக்கம் தன் பெயரைத் தான் சொல்லாது. எழுதுபவர்தாம் அதற்குரிய இடத்தில் அதை நிறுத்திக் காக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பக்தாதுக்கு

இந்த இடமதிப்பு முறை இந்தியாவில் தோன்றியது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூல் சுழியத்தையும் ஓர் எண்ணாகக் கொண்டு அதற்குரிய விதிகளைத் தந்தது. 662-ஆம் ஆண்டிலேயே சிரியாவைச் சேர்ந்த செவேரஸ் செபோக்த் என்ற கிறித்தவ ஆயர், இந்தியர்கள் ஒன்பது குறிகளால் செய்யும் கணக்கைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவைச் சார்ந்து பணியாற்றிய முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ இம்முறையை அரபுமொழியில் விளக்கி நூல் செய்தார். அதன் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. இலத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. கணினித் துறையில் இன்று வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரின் திரிபே.

அரபு நூலோர் இம்முறைக்கு வைத்த பெயர் 'அல்ஹிஸாபுல் ஹிந்தி', அதாவது இந்தியக் கணக்கு. எங்கிருந்து பெற்றார்களோ அந்நாட்டின் பெயரை நூலின் தலைப்பிலேயே இட்டார்கள். இலக்கம் நிற்கும் இடத்தை அவர்கள் 'மர்தபா' என்றும் 'மன்ஸிலா' என்றும் அழைத்தார்கள். மர்தபா என்றால் படிநிலை, தகுதி. மன்ஸிலா என்றால் தங்குமிடம். ஒன்றுக்கு ஒரு மர்தபா, பத்துக்கு ஒரு மர்தபா, நூறுக்கு ஒரு மர்தபா. கூட்டலுக்கு அவர்கள் வழங்கிய சொல் 'ஜம்உ'. நம் வட்ட அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் கிராமக் கணக்குத் தணிக்கைக்கு 'ஜமாபந்தி' என்று பெயர் இருப்பதை வாசகர் அறிவார். அதன் முற்பாதி இச்சொல்லே. வசூல், பாக்கி என்பனவும் அரபுக் கணக்கேட்டிலிருந்து நம் தமிழுக்கு வந்தவை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்கிறது; எண்ணிலும் வலக்கோடியில் நிற்பது ஒன்றின் இலக்கம். பழைய அரபு நூல்களில் ஆண்டைச் சொல்லும்போது 'ஐந்தும் முப்பதும் இருநூறும்' என்று சிறியதிலிருந்து தொடங்குவார்கள். ஆகவே அரபு வாசகர் எண்ணை அடையும்போது முதலில் அவர் கண்ணில் படுவது ஒன்றின் இடமே. கூட்டலும் அங்கிருந்தே தொடங்குகிறது. எதை முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதை அவ்வெழுத்தின் போக்கே சொல்லிவிடுகிறது.

ஃபராயிள் கற்பித்த பாடம்

முழு எண்களுக்கு இது போதும். பின்னங்களுக்கு? அங்குதான் பாகப்பிரிவினைக் கலை முஸ்லிம் அறிஞர்களைக் கணக்கின்பால் இழுத்தது. அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வாரிசுகளுக்கு நிர்ணயிக்கும் பங்குகள் ஆறு: அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஒரே குடும்பத்தில் இவற்றுள் மூன்று நான்கு ஒன்றுசேர்ந்து வரும். எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் நேரடியாகக் கூட்ட இயலாது. இரண்டையும் 24-இல் இத்தனை என்று மாற்றிய பிறகே கூட்டலாம். இப்பொது எண்ணுக்கு ஃபராயிளில் 'அஸ்லுல் மஸ்அலா', அதாவது கணக்கின் மூலம் என்று பெயர்.

இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'மிம்பரிய்யா' என்ற வழக்கு. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது கேட்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் என்பர். இறந்தவருக்கு மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. 24 என்ற மூலத்தில் இவை 3, 16, 4, 4, கூட்டினால் 27. பங்குகள் மூலத்தை மிஞ்சிவிட்டன. ஆகவே மூலம் 27-ஆக உயர்த்தப்படுகிறது. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. இவ்வாறு உயர்த்துவதை 'அவ்ல்' என்பர். அல்குவாரிஸ்மீயின் அல்ஜப்ரு நூலின் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளால் ஆனது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ஃபராயிள் மாணவர் இதனால் கற்பது ஒரே பாடம்: ஓரினமானவற்றை மட்டுமே கூட்டலாம், வேறினமாயின் முதலில் ஓரினமாக்க வேண்டும். தசம எண்களைப் புள்ளிக்கு நேர் புள்ளியாக நிறுத்துவதும் இதே பாடம்தான். 1.2, 0.85, 0.375 என்பவற்றை 1.200, 0.850, 0.375 என்று சுழியம் இட்டு நிரப்பும்போது நாம் செய்வது, மூன்றையும் ஆயிரம் என்ற ஒரே மூலத்துக்குக் கொண்டுவருவதே: 1200, 850, 375, கூட்டினால் ஆயிரத்தில் 2425. மீச்சிறு பொது மடங்கு காண வேண்டிய தொல்லை இல்லை. இடமே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

திமிஷ்கில் இட்ட சிறு கோடு

முழு எண்ணின் இடமதிப்பை ஒன்றுக்குக் கீழேயும் நீட்டலாம் என்று கண்டவர்களில், நமக்குக் கிடைத்துள்ள நூல்களின்படி முஸ்லிம் உலகில் முதல்வர் அபுல் ஹஸன் அஹ்மத் இப்னு இப்ராஹீம் அல்உக்லீதிஸீ. உக்லீதிஸ் என்பது யூக்ளிடின் அரபுப் பெயர். யூக்ளிடின் நூலைப் படியெடுத்து வாழ்ந்தவராதலின் இவருக்கு இப்பெயர் வந்திருக்கலாம் என்பர். இவர் திமிஷ்கு நகரில் ஹிஜ்ரி 341-இல் (கி.பி. 952–53) 'கிதாபுல் ஃபுஸூல் ஃபில் ஹிஸாபில் ஹிந்தி' என்ற நூலை எழுதினார்.

அக்காலத்தில் இந்தியக் கணக்கைப் புழுதி தூவிய பலகையில் விரலால் எழுதி, அழித்து அழித்துச் செய்வார்கள். நம் திண்ணைப் பள்ளி மணலைப் போன்றது அது. அல்உக்லீதிஸீ அதனை விடுத்துக் காகிதத்தில் மையால் கணக்குச் செய்யும் வழிகளை வகுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று சுவையானது: தெருவோரத்தில் ஆரூடம் சொல்லிப் பிழைப்பவர்கள் கையிலும் அப்பலகை இருந்ததால், கற்றோர் அதனுடன் காணப்படுவதை அவர் விரும்பவில்லை. ஆனால் இம்மாற்றத்தின் பயன் மதிப்போடு நின்றுவிடவில்லை. புழுதியில் அழிந்துபோன இடைநிலைகள் காகிதத்தில் எஞ்சி நிற்கின்றன. தவறு நேர்ந்தால் எங்கு நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க முடிகிறது.

அந்நூலில் 19 என்ற எண்ணை ஐந்து முறை பாதியாக்கிக் காட்டுகிறார். இன்றைய வழக்கில் எழுதினால் 9.5, 4.75, 2.375, 1.1875, 0.59375 என்று வருகிறது. வேறோரிடத்தில் 135-உடன் அதன் பத்தில் ஒரு பாகத்தைச் சேர்த்து, வந்ததனுடன் அதன் பத்தில் ஒன்றைச் சேர்த்து, இவ்வாறு ஐந்து முறை செய்கிறார்: 148.5, 163.35, 179.685, 197.6535, 217.41885. இரண்டாவது எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. 148.5-உடன் அதன் பத்தில் ஒன்றாகிய 14.85-ஐக் கூட்ட வேண்டும். இலக்கங்கள் அவையே, ஓரிடம் வலப்பக்கம் தள்ளி நிற்கின்றன. வலப்பக்கம் ஒட்டி எழுதுபவர் 1485-இன்கீழ் 1485-ஐ எழுதி இரட்டிப்பாக்கிவிடுவார். ஒன்றின் இடம் எது என்று அறிந்தவர்தாம் 163.35-ஐ அடைவார்.

அதை அறிவதற்கு அல்உக்லீதிஸீ கண்ட வழி, ஒன்றின் இடத்தில் நிற்கும் இலக்கத்தின் மேல் ஒரு சிறு கோடு இடுவது. நாம் இன்று ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் இடையே புள்ளி வைக்கிறோம். அவர் ஒன்றின் தலையிலேயே அடையாளம் இட்டார். ஒரு வகையில் இது நம் புள்ளியைவிடத் தெளிவானது என்று நமக்குத் தோன்றுகிறது. எண்ணின் நடு, புள்ளியில் இல்லை, ஒன்றில் இருக்கிறது. ஒன்றுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. அடுத்து இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறில் ஒன்று. இரு புறமும் ஒத்துச் செல்வதை மாணவருக்குக் காட்ட அக்கோடு நன்கு உதவும்.

புகழ் யாருக்கு?

நெடுங்காலம் இவ்வரலாறு வேறு விதமாகவே எழுதப்பட்டு வந்தது. தசம பின்னத்தை 1585-இல் லெய்டனில் வெளிவந்த தம் சிறு நூலின் வழியே உலகுக்குத் தந்தவர் சைமன் ஸ்டெவின் என்பதே பாடநூல்களின் கூற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய அறிஞர் பால் லுக்கியின் ஆய்வு, சமர்கந்தில் உலூக் பேக்கின் ஆதரவில் பணியாற்றிய ஜம்ஷீத் அல்காஷீயை முன்னிறுத்தியது. அல்காஷீ ஹிஜ்ரி 830-இல் (கி.பி. 1427) முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' தசம பின்னங்களை முறையாக விளக்குகிறது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதைத் தசமத்தில் பதினாறு இடம் வரை அவர் கணக்கிட்டிருந்தார். பின்னர் 1966-இல் அறிஞர் அஹ்மத் ஸயீதான் அல்உக்லீதிஸீயின் நூலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1978-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. வரலாறு மேலும் நான்கரை நூற்றாண்டு பின்னே சென்றது.

ஆய்வு அத்துடன் முடியவில்லை. அல்உக்லீதிஸீ பயன்படுத்தியது உண்மையாயினும், அதனை ஒரு பொதுக் கோட்பாடாக வகுத்தவர் 1172-இல் எழுதிய அஸ்ஸமவ்அல் அல்மக்ரிபீயே என்று ருஷ்தி ராஷித் வாதிடுகிறார். சீனத்தில் மூன்றாம் நூற்றாண்டின் லியூ ஹூயியிடமே பத்துப் பத்தாகப் பகுக்கும் அளவுமுறை காணப்படுகிறது.

நம்மவர் சிலர் இத்தகைய செய்திகளைக் கேட்டதும் 'எல்லாம் நாமே கண்டோம்' என்று மேடையில் முழங்குவதுண்டு. அது அந்த அறிஞர்களுக்கே உவப்பாயிராது. தம் நூலுக்கு 'இந்தியக் கணக்கு' என்று பெயரிட்டவர் அல்உக்லீதிஸீ. பெற்றதைப் பெற்ற இடத்தின் பெயரோடு சொல்லி, தம் பங்குக்கு ஒரு சிறு கோட்டைச் சேர்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். ஸ்டெவினும் தம் பங்கைச் செய்தவரே. ஒவ்வோர் இலக்கத்தின் அருகிலும் வட்டமிட்டு 0, 1, 2, 3 என அதன் படியை எழுதினார். நில அளப்போர், துணி அளப்போர், நாணயம் அச்சிடுவோர் யாவரும் பத்தின் பகுப்பைக் கைக்கொள்ள வேண்டும் என்று கோரினார். அவ்வட்டங்களைக் களைந்து, 1617-இல் ஜான் நேப்பியர் ஒற்றைப் புள்ளியோ காற்புள்ளியோ போதும் என்றார். இன்றும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் காற்புள்ளியும் நம் நாட்டில் புள்ளியும் வழங்குகின்றன.

வராகனிலிருந்து நயா பைசா வரை

ஸ்டெவினின் கோரிக்கை நம் செய்யாற்றங்கரையை வந்தடைய முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த இப்பகுதி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. அக்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். மூன்று வராகன் முப்பது பணம் ஐம்பது காசுடன், இரண்டு வராகன் இருபது பணம் நாற்பத்தைந்து காசைக் கூட்ட வேண்டுமானால் காசு 95. அதில் 80 போக 15, மேலே செல்வது ஒரு பணம். பணம் 51, அதில் 42 போக 9, மேலே செல்வது ஒரு வராகன். ஆக ஆறு வராகன் ஒன்பது பணம் பதினைந்து காசு. மூன்று பத்திகள், இரண்டு வெவ்வேறு விகிதங்கள். 1818-இல் ரூபாய் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமானபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். ஆயினும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற பகுப்பு நீடித்தது.

1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவானது. 'நயா' என்ற சொல் 1964-இல் கைவிடப்பட்டது. எடைகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவுக்கு மாறின. மாற்றக் காலத்தில் ஏழைகளுக்குச் சிறு நட்டமும் குழப்பமும் நேர்ந்தன. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசா நாணயம் இல்லாததால் மாற்றுப் பட்டியல் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று நிர்ணயித்தது. நான்கு பொருள்களை ஓரணா வீதம் தனித்தனியே விற்ற கடைக்காரருக்கு 24 கிடைத்தது. ஒன்றாக விற்றவருக்கு 25. நூறில் ஒரு பங்குக்கு அப்பாற்பட்ட இடத்தை வெட்டிவிட்டால், வெட்டியது எங்காவது ஒருவர் கணக்கில் வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. 42, 80, 16, 12 என்ற பல விகிதங்கள் மறைந்து, பத்து என்ற ஒரே விகிதம் நின்றது. ரூபாயும் கிலோவும் ஹெக்டேரும் ஒரே முறையில் கூட்டப்படுகின்றன. ஆனால் பழைய கணக்கேட்டில் வராகனுக்கும் பணத்துக்கும் காசுக்கும் கோடு கிழித்துத் தனித்தனிப் பத்திகள் இருந்தன. எதை எங்கு எழுதுவது என்பதைத் தாளே காட்டியது. புதிய முறையில் அக்கோடுகள் இல்லை. ஒரு புள்ளி மட்டுமே இருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு எழுதுபவருடையது.

வகுப்பில் நாம் செய்வது

இவ்வரலாற்றைப் படித்தபின் நம் ஃபராயிள் வகுப்பில் சில வழக்கங்களை ஏற்படுத்தினோம். சொத்தின் அளவுகளை எழுதுமுன், தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிக்க வேண்டும்; எல்லா எண்களின் புள்ளியும் அக்கோட்டின்மேல் விழ வேண்டும். 7 போன்ற முழு எண் வந்தால் அதன் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் அதன் வலப்பக்கம் நிற்கிறது என்று உணர்ந்து 7.000 என எழுத வேண்டும். வலப்பக்கம் குறையும் இடங்களைச் சுழியத்தால் நிரப்ப வேண்டும். அச்சுழியம் மதிப்பை மாற்றாது. புள்ளிக்கும் இலக்கத்துக்கும் இடையே நிற்கும் சுழியத்தை எக்காரணத்தாலும் நீக்கலாகாது. அது நீங்கினால் மதிப்பு பத்து மடங்காகும். இறுதியாக, விடையை எழுதிய பின் புள்ளிக்கு முன்னுள்ள முழு எண்களை மட்டும் மனத்தால் கூட்டிப் பார்த்து, விடை அதனோடு ஒத்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். கிணற்றடித் துண்டைக் கண்டு திகைத்த முதியவர் செய்தது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். நிலத்தை அறிந்தவராதலால் அவருக்கு எண்ணின் பிழை தெரிந்தது.

நெசவாளரின் மகனாகிய அம்மாணவர் இவ்வழக்கத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டு சென்றார். அவருடைய தந்தையின் குறிப்பேட்டில் இப்போது பக்கந்தோறும் சிவப்பு மையால் ஒரு கோடு இருக்கிறது; கிலோ அதன் இடப்பக்கம், கிராம் மூன்று இலக்கமாக அதன் வலப்பக்கம். அந்தக் கோட்டின் கதையை, திமிஷ்கில் ஒன்றின் தலைமேல் இடப்பட்ட சிறு கோட்டிலிருந்து தொடங்கி, வகுப்பில் ஒருமுறை சொன்னோம். மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், பங்கு விகிதம் சரியாக இருந்து கூட்டல் தவறினால் பொறுப்பு யாருடையது?" எழுதிக் கொடுத்தவருடையதே என்றோம். வாரிசுகளுக்குச் சேர வேண்டியது விகிதமன்று, நிலம். அந்நிலத்தைச் சரியாகக் கூட்டி எழுதுவதும் ஃபராயிளின் பகுதியே என்று இப்போது முதல் பாடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.